ஏறாத மலை

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் உலுருவின் அடிவாரத்தில், தகப்பனார் தோளில் அமர்ந்து வந்த எங்கள் சிறு மகள், துருவேறிச் சிவந்து செதில் செதிலாக உரியும் அந்தப் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் மேலே ஏறக் கூடாது?" என்று கேட்டபோது, சமய தத்துவத்தின் மூலப் பிரச்னையையே அவள் எழுப்பிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு, மேலே ஏறும் அந்தப் பாதை, முன்னோர் சிருஷ்டி காலத்தில் நடந்த வழி. 1985-இல் நிலம் அவர்கள் வசம் திரும்பிய பின்னரும், ஏற வேண்டாமென்ற அவர்களது வேண்டுகோளைப் பலர் பொருட்படுத்தவில்லை. 2019 அக்டோபரில்தான் ஏற்றம் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது. பிறருடைய தெய்வத்தின் முன்னும் அடங்கி நிற்பதற்கு நம்பிக்கை அவசியமில்லை, மரியாதை போதும் என்பதே என் சித்தாந்தம். அடிவாரத்தைச் சுற்றி நடப்பதில் தரிசனத்துக்கு ஒரு குறைவுமில்லை. குழந்தைகளோடு அங்கே செல்வோர், ஞாபகார்த்தமாக ஒரு சிறு கல்லைக்கூட எடுத்து வராதிருப்பார்களாக.