யாருடைய அரிசியை நிறுத்துவது?

இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஒருவனைத் திருத்துவதற்காக அவனைச் சுற்றியிருக்கிறவர்களை வருத்தலாமா? அவன் கைக்கு எட்டாதவன். சுற்றியிருக்கிறவர்கள் எட்டுகிறவர்கள். எட்டுகிறவனை அடித்தால் எட்டாதவனுக்கு வலிக்கும் என்று சொல்லுகிறார்கள். வலிக்குமா? வலித்தாலும் அது நியாயமா?

இது வீட்டிலும் வரும், சபையிலும் வரும். ஆனால் அரசாங்கம் செய்யும்போது கணக்கு பெரிய எழுத்தில் தெரியும். ஆகவே முதலில் ஒரு தேசத்தின் கதையைச் சொல்லுகிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

பனாமா கால்வாயைப் பற்றி பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் ஒட்டவைக்கிற ஒல்லியான நிலத்துண்டு. 1980களில் அந்த முழு தேசத்தின் ஜனத்தொகை நம்முடைய சென்னைப் பட்டணத்தின் ஜனத்தொகையைவிடக் குறைவு. 1983 முதல் அங்கே ராணுவத் தளபதி மானுவேல் நோரியேகா வைத்ததுதான் சட்டம். ஜனாதிபதி என்று ஒருவர் நாற்காலியில் இருப்பார், நூல் தளபதி கையில் இருக்கும். இந்த மனுஷன் அமெரிக்க உளவுத்துறையாகிய சிஐஏவிடம் பல வருஷம் பணம் வாங்கினவர். அவர் போதைப்பொருள் வியாபாரத்துக்கு வழிவிடுகிறார் என்ற சந்தேகம் 1970களிலேயே வாஷிங்டனில் இருந்தது. அப்படியிருந்தும் 1987-இல் அமெரிக்கப் போதைத்தடுப்புத் துறையின் தலைவர் அவருக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார். பூனையைக் கூப்பிட்டு பாலுக்குக் காவல் வைத்து, அதற்கு நற்சான்றிதழும் கொடுத்தார்கள்!

1988 பிப்ரவரியில் காற்று மாறிற்று. லஞ்சம் வாங்கிக்கொண்டு போதைப்பொருள் கடத்தலுக்கு உதவினார் என்று புளோரிடாவில் அவர்மேல் இரண்டு குற்றப்பத்திரிகைகள் பதிவாயின. அதே மாதத்தில் ஜனாதிபதி டெல்வாலே அவரைப் பதவியிலிருந்து நீக்கப் பார்த்தார். நீக்கினவரே நீக்கப்பட்டுப் போனார். உடனே அமெரிக்கா பொருளாதாரத் தடை என்ற கயிற்றை இறுக்கத் தொடங்கிற்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பனாமாவுக்கென்று சொந்தக் காகிதப் பணம் கிடையாது. கடைக்காரன் வாங்குவதும் கூலிக்காரன் பெறுவதும் அமெரிக்க டாலர்தான். நியூயார்க் வங்கிகளில் இருந்த பனாமா அரசாங்கத்தின் பணத்தை அமெரிக்கா முடக்கினவுடனே, மார்ச் மாத ஆரம்பத்தில் பனாமாவின் வங்கிகள் எல்லாம் கதவைச் சாத்தின. ஏப்ரலில் ஜனாதிபதி ரீகன் உத்தரவு போட்டார்: அமெரிக்கக் கம்பெனி எதுவும் நோரியேகாவின் அரசாங்கத்துக்குப் பணம் கட்டக்கூடாது. கால்வாயிலிருந்து வரவேண்டிய பணமும் நின்றது. பென்ஷன் வாங்குகிற கிழவர்கள், ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், துறைமுகத் தொழிலாளிகள், யாருக்கும் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. ஒரே வருஷத்தில் தேசத்தின் வருமானம் பத்தில் ஒரு பங்குக்குமேல் விழுந்தது.

நோரியேகாவுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. இருந்த டாலரில் முதல் சம்பளம் ராணுவத்துக்குப் போயிற்று. அது தெரியாத தளபதி இருப்பானா? கூட்டம் போட்டு, பட்டாக்கத்தியை ஓங்கிக் காட்டி, உங்கள் கஷ்டத்துக்கெல்லாம் அமெரிக்காவே காரணம் என்று முழங்கினார். வயிறு காய்ந்தவர்களில் சிலர் அதை நம்பவும் செய்தார்கள்.

பொருளாதாரத் தடை என்பது புதிய பேர். காரியம் பழையது, நம்முடைய வேதத்தில் முற்றுகை என்று வாசிக்கிறோமே அதுதான். இரண்டாம் ராஜாக்கள் ஆறாம் அதிகாரத்தில் சீரியா ராஜா சமாரியாவை முற்றுகை போட்டதை எடுத்து வாசியுங்கள். பட்டணத்துக்குள் ஒரு கழுதைத் தலையின் விலை எண்பது வெள்ளிக்காசு. தாய் தன் பிள்ளையை என்ன செய்தாள் என்பதை இங்கே எழுத என் கை வரவில்லை. அந்த நேரத்தில் ராஜா எங்கே இருக்கிறான்? மதிலின்மேல் நடந்துகொண்டிருக்கிறான். உள்ளே இரட்டு உடுத்தியிருக்கிறான், மெய்தான், அவனுக்கும் துக்கம் உண்டு. ஆனால் அந்தத் துக்கம் அவனை எங்கே கொண்டுபோயிற்று? எலிசாவின் தலையை வாங்குகிறேன் என்று சத்தியம் பண்ண வைத்தது. நெருக்கப்பட்ட ராஜா திருந்துவான் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். பெரும்பாலும் அவன் வேறு யாரையாவது தேடுவான்.

ஈராக்கிலும் இதைத்தான் பார்த்தோம். குவைத்துக்குள் சதாம் உசேன் படையோடு நுழைந்தது 1990 ஆகஸ்ட் 2. நான்காம் நாளே ஐக்கிய நாடுகள் சபை தடை போட்டது. படை பின்வாங்கினபின்னும் அந்தத் தடை 2003 மே மாதம் வரை, ஏறக்குறைய பதின்மூன்று வருஷம் நீடித்தது. சதாம் வீட்டுக்கு வீடு ரேஷன் கார்டு கொடுத்தார். அதன் பலன் என்ன தெரியுமா? முன்னே சொந்தச் சம்பளத்தில் சாப்பிட்ட ஜனங்கள் இப்போது அவர் கையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். கொடுங்கோலனை அசைக்கப் போட்ட தடை ஜனங்களை அவனோடு இன்னும் இறுக்கிக் கட்டிற்று. அங்கே ஐ.நா.வின் நிவாரண வேலைக்குத் தலைவராக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998-இலும், பின்வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக் 2000-இலும் இதை எதிர்த்துப் பதவியை விட்டார்கள்.

1996-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட் அம்மாளிடம் கேட்டார்கள்: இந்தத் தடையால் ஐந்து லட்சம் பிள்ளைகள் செத்தார்கள் என்கிறார்களே, இந்த விலை தகுமா? கடினமான முடிவுதான், ஆனாலும் தகும் என்றே நினைக்கிறோம் என்ற அர்த்தத்தில் அவர் பதில் சொன்னார். அப்படிச் சொன்னதற்காகப் பிற்பாடு வருத்தமும் தெரிவித்தார். ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த ஐந்து லட்சம் என்ற எண் சரியல்ல, சதாமின் அரசாங்கம் கணக்கைத் திரித்திருக்கிறது என்று 2017-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். விசுவாசிகளாகிய நாம் பொய்யான எண்ணைத் தூக்கிக்கொண்டு திரியக்கூடாது. ஆனால் அன்றைக்கு அந்த அம்மாள் எண்ணை மறுக்கவில்லையே! அந்த எண்ணைக் காதால் கேட்டுத்தான் தகும் என்றார். விலை கொடுக்கிறவன் ஒருவன், தகும் என்று சொல்லுகிறவன் வேறொருவன். எனக்கு இடறலாயிருக்கிறது அதுதான்.

சரி, இதெல்லாம் வெளிதேசத்துக் காரியம். அதே அமெரிக்கா தன் சொந்த ஜனங்களின் போதைப்பழக்கத்தை எப்படி நடத்திற்று?

1971-இல் ஜனாதிபதி நிக்சன் போதைப்பழக்கத்தை தேசத்தின் முதல் எதிரி என்று அறிவித்தார். ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஆரம்ப வருஷங்களில் போலீசுக்குச் செலவழித்ததைவிட சிகிச்சைக்கு அதிகம் செலவழித்தார்கள். அது நிலைக்கவில்லை. 1986 ஜூனில் லென் பயஸ் என்ற கூடைப்பந்து வாலிபன், பாஸ்டன் அணிக்குத் தெரிவு செய்யப்பட்ட இரண்டாம் நாள் கொக்கெய்ன் உட்கொண்டு இறந்துபோனான். தேசமே பதறிற்று. தேர்தல் வருஷம் வேறு. அக்டோபரில் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள். கொக்கெய்ன் தூளை சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் கிராக் என்ற கட்டி கிடைக்கும். இரண்டும் ஒரே விஷம். தூள் பணக்காரன் கையில், சில்லறைக் காசுக்கு விற்ற கிராக் ஏழைகளின் தெருவில். சட்டம் என்ன சொல்லிற்று? விற்பதற்கு 500 கிராம் தூள் வைத்திருந்தால் குறைந்தது ஐந்து வருஷம் சிறை. கிராக் என்றால் 5 கிராமுக்கே அந்த ஐந்து வருஷம். ஒன்றுக்கு நூறு! இத்தனைக்கும் அந்த வாலிபனைக் கொன்றது தூள்தான். 1988-இல் இன்னும் ஒரு படி மேலே போய், விற்கக்கூட வேண்டாம், 5 கிராமுக்குமேல் கிராக் கையில் இருந்தாலே ஐந்து வருஷம் என்றார்கள். கிராக் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் பத்தில் எட்டுப்பேருக்கு மேல் கறுப்பின மக்கள்.

நீதிபதி இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாது. ஒரு வாசல் மாத்திரம் இருந்தது: மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தால் அரசாங்க வக்கீல் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். பெரிய வியாபாரிக்குப் பத்து பேரைத் தெரியும், சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். தெருமுனையில் நிற்கிற பையனுக்கு யாரைத் தெரியும்? கொடுக்க ஒன்றுமில்லாதவன் முழுத் தண்டனையையும் சுமந்தான்.

இப்போது பனாமாவுக்குத் திரும்புங்கள். அதே 1988 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் நோரியேகாவிடம் பேரம் பேசிற்று. பதவியை விட்டுப் போய்விடு, போதைக்கடத்தல் குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிடுகிறோம் என்றது. பேரம் முறிந்துபோயிற்று, அது வேறு. ஆனால் பேசினார்களே! டன் கணக்கில் கடத்த வழிவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குப் பேரம், ஐந்து கிராம் பையனுக்கு ஐந்து வருஷம். உள்ளூரிலும் வெளியூரிலும் ஒரே நடத்தைதான். கையில் ஏதாவது வைத்திருக்கிறவனோடு பேச்சு, ஒன்றும் இல்லாதவன்மேல் அடி.

கடைசியில் தடை அவரை இறக்கவில்லை. 1989 டிசம்பர் 20 அன்று அமெரிக்கப் படை பனாமாவில் இறங்கிற்று. எல் சொரில்லோ என்ற ஏழைகளின் பேட்டை மரவீடுகளோடு எரிந்தது, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். நோரியேகா போப்பாண்டவரின் தூதரகத்தில் ஒளிந்திருந்து 1990 ஜனவரி 3 அன்று சரணடைந்தார், 1992-இல் நாற்பது வருஷத் தண்டனை பெற்றார்.

அப்படியானால் பாஸ்டர், பொல்லாங்கு செய்கிறவனைச் சும்மா விட்டுவிடச் சொல்லுகிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. போதை விற்கிறவன் பிள்ளைகளை விற்கிறவன், அவனுக்குத் தண்டனை வேண்டும். அடுத்த தேசத்தைக் கொள்ளையிடுகிற ராஜாவோடு வியாபாரம் செய்யமாட்டேன் என்று சொல்லவும் ஒரு தேசத்துக்கு உரிமை உண்டு. தடை பலனளித்த இடமும் இருக்கிறது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காமேல் அமெரிக்கா கடும் தடை போட்டதும் அதே 1986 அக்டோபரில்தான், ரீகன் வேண்டாம் என்று மறுத்தும் காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றிற்று. அங்கே என்ன வித்தியாசம்? ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு (நம்முடைய ஐக்கியத்தார் அல்ல, ஆனாலும் மனுஷன் தைரியசாலி) தடை போடுங்கள் என்று தாமே உலகத்தைக் கேட்டார். எங்கள் ஜனங்கள் ஏற்கெனவே பாடுபடுகிறார்கள், இதையும் தாங்குவோம் என்றார். சூலு தலைவர் புத்தலேசி வேண்டாம் என்றார், அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் அடிபடப்போகிறவர்கள் நடுவில் அந்தக் கேள்வி பேசப்பட்டது.

கிராக் சட்டத்தையும் கறுப்பினப் பிரதிநிதிகள் சிலர் ஆதரித்தார்களே என்று ஒருவர் சொல்லலாம். ஆதரித்தார்கள், தங்கள் தெருக்கள் அழிவதைக் கண்டவர்கள். ஆனால் அவர்கள் போலீசோடு சிகிச்சையும் வேலையும் பள்ளிக்கூடமும் கேட்டார்கள். தாராளமாகக் கிடைத்தது சிறைச்சாலைதான். 2010-இல் நூறுக்கு ஒன்று என்பதைப் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைத்தார்கள். அதற்குமுன் தண்டிக்கப்பட்டவர்களும் குறைப்புக் கேட்கலாம் என்று சட்டம் வந்தது 2018-இல். அதற்குள் எத்தனை பிள்ளைகள் தகப்பனில்லாமல் வளர்ந்துவிட்டார்கள்!

இதை நான் எழுதுவதற்குக் காரணம் அமெரிக்காவைக் குறை சொல்ல அல்ல. நம்முடைய சபையில் தரும நிதியிலிருந்து மாதந்தோறும் சில வீடுகளுக்கு அரிசி போகிறது. அதில் ஒரு வீட்டில் தகப்பன் குடித்துவிட்டு வந்து அரிசியைக்கூட விற்கிறார் என்று தெரியவந்தது. கமிட்டியில் மூப்பர் ஒருவர், நல்ல மனுஷன், சொன்னார்: "ரெண்டு மாசம் நிறுத்துங்க பாஸ்டர், பட்டினி கிடந்தா புத்தி வரும்." யாருக்குப் பட்டினி? மூன்று பிள்ளைகளுக்கு. அவருக்குக் குடிக்கக் காசு எங்கிருந்தாவது வந்துவிடும். இன்னொரு சகோதரர் கேட்டார், "அந்த அம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா?" ஒருவரும் கேட்கவில்லை.

போய்க் கேட்டோம். "அரிசியா வேண்டாம் ஐயா, அதை வித்துடுறாரு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க, நான் அங்கேயே பொங்கிப் பிள்ளைங்களுக்குப் போட்டுடுறேன்" என்றார். அப்படியே செய்கிறோம். அந்தச் சகோதரனிடமிருந்து ஆராதனையில் டிரம் வாசிக்கிற பொறுப்பை எடுத்துவிட்டோம். அது அவரைத்தான் தொட்டது, கோபத்தில் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். குடியை இன்னும் விடவில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள்.