கிடைத்தது என்ற சொல்

சென்ற ஆண்டு தை மாதம் கணியூருக்கு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். கணக்கு அலுத்துவிட்டதோ என்னவோ, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வித்தையை அரிச்சுவடியிலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறான். விடுமுறை நாளானதால் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் கட்டங்களும் அம்புக்குறிகளுமாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இதில் முதல் பாடம் என்னப்பா?" என்று கேட்டேன்.

"அனுப்புனது போய்ச் சேரும்னு நம்பக் கூடாதுங்க மாமா. அதுதான் முதல் பாடம்" என்றான்.

சிரித்தேன். அவன் விளக்கச் சொன்னபோது அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

நாம் அனுப்பும் கடிதமோ படமோ முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தலையில் முகவரியைச் சுமந்துகொண்டு தனித்தனியே புறப்படுகிறது. வழியில் இருக்கும் ரௌட்டர் என்ற கருவிக்கு அடுத்த படி எது என்பது மட்டுமே தெரியும். அந்தப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த பொட்டலத்தைக் கவனிக்கப் போய்விடும். கூட்டம் மிகுந்தால் சிலவற்றைக் கீழே போட்டுவிடவும் செய்யும். 1974-இல் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட யோசனையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. 1983 ஜனவரி முதல் தேதி அன்றைய அர்ப்பாநெட் இதற்கு மாறியது. இன்றைய இணையம் இதன்மேல்தான் நிற்கிறது.

இவ்வளவு பொறுப்பற்ற பாதையில் ஒரு கடிதம் எப்படி ஒழுங்காக வந்து சேர்கிறது? பொறுப்பை வழியில் வைக்காமல் இரண்டு முனைகளிலும் வைத்துவிட்டார்கள். அனுப்புகிறவன் வரிசை எண் போட்டு அனுப்புகிறான். பெறுகிறவன், "இதுவரை கிடைத்தது" என்று திருப்பிச் சொல்கிறான். அந்தச் சொல் வராவிட்டால் அனுப்பியவன் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்புகிறான். கணியூர் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது புதிதல்ல. மேலே மடையைத் திறந்தவன், கடைவயலில் நிற்பவனின் "வந்துருச்சு" என்ற குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பான்.

"கிடைச்சுதுன்னு சொல்லாட்டி, அனுப்புனவனுக்கு அது காணாமப் போன மாதிரிதானுங்க மாமா. நெசமாவே கிடைச்சிருந்தாலும் சரி" என்றான் பையன்.

அவன் பாடத்தைத்தான் சொன்னான். எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு தை மாதமும் அக்கா எனக்குப் பச்சரிசியும் வெல்லமும் மூட்டை கட்டிப் பஸ்ஸில் போட்டு அனுப்புவாள். நான் போய் எடுத்து வருவேன். பொங்கல் பொங்கும், சாப்பிடுவோம். வந்து சேர்ந்தது என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வருஷம் அவளே தொலைபேசியில், "அரிசி வந்து சேந்துச்சா தம்பி?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருந்த நேரம். "வராமல் எங்கே போகும்?" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு தை மாதங்கள் மூட்டை வரவில்லை. வயதாகிறது, முடியவில்லை போலும் என்று நானே ஒரு காரணத்தைச் செய்துகொண்டேன்.

திண்ணையிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போய் அவளிடம் கேட்டேன். "நீ ஒண்ணுஞ் சொல்லுலியே தம்பி. உங்களுக்கெல்லாம் இது வேணுமோ வேண்டாமோன்னு உட்டுட்டேன்" என்றாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நன்றி சொல்வது வேறு, கிடைத்தது என்று சொல்வது வேறு என்பது அன்றுதான் புரிந்தது. நன்றி, வந்த பொருளுக்கு நாம் போடும் மதிப்பு. அதைக் கூட்டலாம், குறைக்கலாம். கிடைத்தது என்பது, அனுப்பியவர் மனத்தில் இன்னும் சுமந்துகொண்டிருக்கும் பாரத்தை இறக்கிவைக்கும் சொல். அது கடன். நெருங்கியவர்களிடம் எதற்கு இந்தச் சம்பிரதாயம் என்கிறோம். அந்நியர் அனுப்பிய காசோலைக்கு உடனே பதில் எழுதுகிறோம். உடன்பிறந்தவளின் அரிசிக்கு எழுதுவதில்லை.

"அதுதான் வாட்ஸப்பில் இரண்டு கோடு நீலமாக மாறிவிடுகிறதே?" என்று சிலர் கேட்கலாம். அது கருவி கருவிக்குச் சொல்லும் பதில். வேலை உண்மையில் முடிந்ததா என்பதை நடுவில் இருப்பவை உறுதி செய்ய முடியாது, முனையில் இருப்பவர்தான் சொல்ல முடியும் என்று சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற மூவர் 1981-இல் வாதிட்டார்கள். அவர்கள் சொன்னது கணினிக்கு. மனிதருக்கும் அது பொருந்தாமல் போகவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. "கிடைத்தது" என்ற பதில் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு பதில் வேண்டும்; அந்தப் பதிலுக்கும் ஒரு பதில். 1975-இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் ஆகியோர் எழுதிய கட்டுரையில் இந்தச் சிக்கல் வருகிறது. பின்னால் அதையே இரண்டு தளபதிகளின் கதையாகச் சொன்னார்கள். இரண்டு குன்றுகளில் இருவர், நடுப்பள்ளத்தில் பகைவன். இருவரும் ஒரே வேளையில் தாக்க வேண்டும். ஆனால் தூதன் வழியில் பிடிபடலாம். எத்தனை தூதர்கள் போய் வந்தாலும், கடைசியாகப் புறப்பட்டவன் போய்ச் சேர்ந்தானா என்ற சந்தேகம் மிச்சமிருக்கும். முழு நிச்சயம் ஒருநாளும் கிட்டாது. ஆகவே இணையத்தில் உரையாடலைத் தொடங்கும் கணினிகள் மூன்றே சொற்களோடு நிறுத்திக்கொள்கின்றன: பேசலாமா, பேசலாம், சரி. அதற்குமேல் நம்பித்தான் ஆக வேண்டும்.

நம்பாமல் மேலும் மேலும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் கண்டார்கள். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், 400 கெஜ தூரத்திலிருந்த இரண்டு நிலையங்களுக்கிடையே வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் வெறும் 40 பிட் போகத் தொடங்கியது. கம்பி அறுந்துவிடவில்லை. பதில் வரத் தாமதமானதும் கணினிகள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பாதையை அடைத்துவிட்டன. வான் ஜேக்கப்சன் என்பவர் 1988-இல் வெளியிட்ட மருந்து எளியது: பதில் வராவிட்டால் நெரிசல் என்று எண்ணிக்கொள், அனுப்புவதைக் குறை, மறுபடி கேட்குமுன் முன்னைவிட அதிக நேரம் பொறுத்திரு.

இதைக் கேட்டதும் பையனிடம், "உன் அம்மா உன்னை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறாள்?" என்றேன்.

"ஏழெட்டுத் தடவைங்க. கம்பெனியில எப்பவும் எடுக்க முடியுங்களா? இப்பெல்லாம் எடுக்கறதே இல்லைங்க" என்றான். சொல்லிவிட்டு நோட்டைப் பார்த்துக்கொண்டான்.

என்னிடம் ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூசிய அதே அக்காதான், மகனிடம் எட்டுமுறை கேட்கிறாள். தம்பியும் பதில் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை. கேட்கிறவள் பொறுத்திருக்க வேண்டும் என்று உபதேசம் செய்வது சுலபம். ஆனால் பதில் வரும் என்று அனுபவத்தில் அறிந்தவர்களால்தான் பொறுத்திருக்க முடியும். அந்த அனுபவத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். அன்று மாலையிலிருந்து கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை அவனே கூப்பிடுவதாக ஒப்புக்கொண்டான்.

இந்தத் தை மாதம் மூட்டை வந்தது. பஸ் நிலையத்திலிருந்தே கூப்பிட்டு, "கிடைத்தது, அக்கா" என்றேன். "சரி தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாள். மேற்கொண்டு அவள் எதுவும் கேட்கவில்லை.