தனி ஆவர்த்தனமும் ரவா தோசையும்

அக்கா பையன் பெங்களூரில் இருக்கிறான். பகலில் சாஃப்ட்வேர். வெள்ளிக்கிழமை ராத்திரியானால், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாரில் கிடார். நாற்பது பேர் உட்காரக்கூடிய சின்ன இடம். ஓரத்தில் மேடை. மேடை என்றால் அரையடி உயரத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான். அதில் இவனும் இன்னும் இரண்டு பேரும். எதிரே பீர், சில்லி சிக்கன், பேச்சு, சிரிப்பு.

சென்ற டிசம்பரில் சென்னைக்கு வந்தவன், ‘‘மாமா, இங்க அந்த மாதிரி ஒரு இடம் இருந்தா கூட்டிட்டுப் போங்களேன். சின்னதா, பக்கத்துலயே. பாட்டும் இருக்கணும், சாப்பாடும் இருக்கணும்’’ என்றான்.

யோசித்தேன். நட்சத்திர ஓட்டல்களில் உண்டு. ஆனால், பில்லைப் பார்த்த பிறகு பாட்டு காதில் ஏறாது. 2003-லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கடையை ஒட்டிய பாரில் ஆம்லெட் கிடைக்கும், சுண்டல் கிடைக்கும், தத்துவம் நிறையக் கிடைக்கும். இசைக் குழு கிடையாது.

பாட்டும் சாப்பாடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிற இடம் நம் பேட்டையில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மார்கழியில் மட்டும். ‘‘வாடா’’ என்று மயிலாப்பூரில் ஒரு சபாவுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி வந்தது. டிசம்பர் என்றால் சங்கீதம் என்ற பழக்கம் அங்கிருந்து வளர்ந்ததுதான். இப்போது ஆழ்வார்ப்பேட்டை, மயிலாப்பூர், தி.நகர் என்று எங்கே திரும்பினாலும் கச்சேரி. கூடவே கேன்டீன். வாழைப்பூ வடை, அடை அவியல், அசோகா அல்வா, டிகிரி காபி. கேன்டீனுக்கு டிக்கெட் கிடையாது. ஹாலுக்குள் எந்த ராகம் ஓடுகிறது என்றே தெரியாமல் சீஸன் முழுக்க சபா சபாவாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வந்த காரியத்தை ஒழுங்காக முடித்துவிட்டுப் போகிறவர்கள்.

குறை வேறு இடத்தில்.

ஆறரை மணிக் கச்சேரி. எட்டேகால் வாக்கில் பிரதான கீர்த்தனை முடிந்தது. பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தார். அவ்வளவுதான். யாரோ மணி அடித்த மாதிரி ஹாலில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் படார் படாரென்று மடங்கின. முன் வரிசையிலிருந்து கிளம்பிய ஒரு பெரியவர், குனிந்தபடி, ஆனால் நல்ல வேகத்தில், கதவைப் பார்க்கப் போனார்.

பையன் என் காதில், ‘‘இன்டர்வெல்லா மாமா?’’ என்றான்.

‘‘இல்லடா. தனி ஆவர்த்தனம்.’’

‘‘அப்படின்னா?’’

‘‘அவர் மட்டும் தனியா வாசிக்கற நேரம்.’’

‘‘அப்பதான் எழுந்து போவாங்களா?’’

என்ன பதில் சொல்வது? இன்று நாம் கேட்கிற கச்சேரி வரிசை, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வழியாக நிலைபெற்றது. அதில் பிரதான உருப்படிக்குப் பிறகு தனி, அதற்குப் பிறகு துக்கடாக்கள். இரண்டு மணி நேரமாக மற்றவர் பாட்டுக்கு அனுசரித்து வாசித்தவருக்கு, ‘இப்போது நீ சொல்’ என்று கிடைக்கிற பதினைந்து நிமிடம் அது. மிருதங்கம் ஒரு சுற்று, கடம் ஒரு சுற்று. பிறகு இருவரும் அளவைக் குறைத்துக் குறைத்து மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வார்கள். கடைசியில் சேர்ந்து ஒரு கோர்வை. அது சரியாகப் பாட்டின் எடுப்பில் வந்து இறங்க, பாடகர் பிடித்துக்கொள்வார். கணக்கு ஒரு மாத்திரை பிசகினாலும் மானம் போய்விடும். இதே கடத்தைத் தூக்கிக்கொண்டு விக்கு விநாயக்ராம் ‘சக்தி’ குழுவோடு உலகம் சுற்றினார். அங்கேயெல்லாம் தாள வாத்தியம் தனித்து எழும்போது ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். நாமும் எழுந்துதான் நிற்கிறோம். முகம் கதவுப் பக்கம் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஹாலில், இதே வித்வானின் தனியில், நானும் எழுந்து போயிருக்கிறேன். மூன்றாவது வரிசை. ரவா தோசை. துக்கடாவுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அதில் என்ன தப்பு என்று கேட்டால் பதில்கள் தயாராக இருக்கின்றன. டிக்கெட் என் காசு. ஹாலில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரையும் முழங்காலும் தாளத்துக்குக் கட்டுப்படாது (இது நியாயமான பதில், அவர்களை விட்டுவிடுவோம்). கொஞ்ச நேரம் போனால் கேன்டீனில் இடம் கிடைக்காது. கணக்கு புரியாதவன் உட்கார்ந்து கொட்டாவி விடுவதைவிட எழுந்து போவது மேல். கடைசி வாதம் எனக்கே கொஞ்சம் பிடித்திருக்கிறது. மரியாதைக்காகக் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கேட்பதில் சேர்த்தியா என்ன?

இடைவேளையும் இசையும் என்றால் எனக்கு ஒரு பாரிஸ்காரர் ஞாபகம் வரும். எரிக் சாட்டி. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மோன்மார்த்ர் பகுதியில் ‘கறுப்புப் பூனை’ என்ற மதுக்கூடத்தில் பியானோ வாசித்தவர். யாரும் கேட்காத இசை எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பிற்பாடு, மேஜை நாற்காலி மாதிரி அறையில் ஒரு சாமானாக மட்டும் இருக்கிற இசையை எழுதினார். பெயரே ‘மரச்சாமான் இசை’. 1920-ல் ஒரு நாடகத்தின் இடைவேளையில் அதை வாசித்தார்கள். ஆனால், ஜனங்கள் இசை தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சாட்டி பதறிப்போய், பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. மயிலாப்பூரில் பிறந்திருந்தால் மனுஷருக்கு அந்தக் கஷ்டமே இருந்திருக்காது.

பையனைக் கேட்டேன். ‘‘உன் பார்ல யாரும் கேக்கறதில்லையே, உனக்கு வருத்தமா இல்லையா?’’

‘‘இல்ல மாமா. அங்க வர்றவங்க கேக்கறோம்னு சொல்லி வர்றதில்லையே. குடிக்க வர்றாங்க. நடுவுல ஒருத்தன் திரும்பிப் பார்த்தா அன்னிக்கு எனக்கு போனஸ். இங்க ஒண்ணே முக்கால் மணி நேரம் தலையாட்டிட்டு அப்புறம் எழுந்து போறாங்க பாருங்க... அது என்னால தாங்க முடியாது.’’

அவன் சொன்னதைத்தான் நான் மூன்று வருஷமாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எதிரே அமைதியாக உட்காருவதே ஒரு வாக்குதான். கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. ஆனாலும் வாக்கு. பாரில் அந்த வாக்கை யாரும் கொடுப்பதில்லை. கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் குழு தொண்டை கிழியப் பாடும்போது பந்திக்கு இடம் பிடிக்க ஓடுகிறவர்களும் கொடுப்பதில்லை. சபாவில் கொடுத்துவிட்டு, நடுவில், அதுவும் குறிப்பாக ஒருத்தருடைய முறை வரும்போது மட்டும், திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

2020 டிசம்பரில் கொரோனாவால் கச்சேரிகள் இணையத்துக்குப் போனது ஞாபகம் இருக்கும். ஆளில்லாத ஹாலில், கேமராவுக்கு முன்னால் வாசித்தார்கள். நான் வீட்டில் லேப்டாப்பில் பார்த்தேன். தனி வந்ததும் விரல் தானாகப் போய் பத்து பத்து நொடியாகத் தள்ளிவிட்டது. யாருக்கும் தெரியாது. யார் மனதும் புண்படவில்லை. அது தப்பா? இல்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். புத்தகத்தில் பத்துப் பக்கம் தாண்டிப் படிப்பது மாதிரிதான். எதிரில் ஆள் இல்லை, வாக்கும் இல்லை. ஆனால், அந்த வித்வானுக்கு எதிரிலும் அன்றைக்கு ஆள் இல்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. காலி நாற்காலிகளைப் பார்த்து வாசிப்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது என்பது இன்னும் உறுத்துகிறது.

அன்றைக்குக் கடைசி வரை உட்கார்ந்தோம். பையனுக்கு ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுத்தேன். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு இரண்டு முறை தட்டி வீசு. எட்டு. ஹாலில் இரைச்சல் அடங்கியதும் மிருதங்கத்தின் இடது பக்கம் அடிவயிற்றில் கேட்டது. கணக்கு எனக்குப் பாதி புரிந்தது. கோர்வை வந்து இறங்கியபோது நானே எதையோ சரியாகக் கூட்டி முடித்த மாதிரி ஒரு சந்தோஷம்.

ஒன்பது மணிக்குக் கேன்டீன். பெஞ்சில் எங்களுக்கு இரண்டு தட்டு கீரை வடை, காபி. கொஞ்ச நேரத்தில் மிருதங்க வித்வானே வந்தார், உறை போட்ட வாத்தியத்தோடு. எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

‘‘ஒரு ரவா தோசைப்பா.’’

‘‘மாவு தீர்ந்துபோச்சுண்ணா’’ என்றார் பரிமாறுகிறவர். ‘‘எட்டேகாலுக்கு ஒரு கூட்டம் வந்து ஒரே அடியா காலி பண்ணிட்டாங்க.’’

‘‘தெரியும். நான்தான் அனுப்பி வெச்சேன்’’ என்றார் வித்வான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பையன் தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். தயங்காமல் ஒரு வடையை எடுத்துக்கொண்டு, ‘‘நீங்க அஞ்சாவது வரிசைதானே? தாளத்துல மோதிர விரலை விட்டுட்டு விட்டுட்டுப் போட்டீங்க’’ என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ‘‘சாரைக்கூட எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே...’’ என்றார்.

காபி சூடாக இருந்தது. நான் ஆற்றிக்கொண்டிருந்தேன்.