வாங்குகிறவர் பங்கு

தின்கிறவர் இல்லாவிட்டால் விலைக்கு இறைச்சி விற்கிறவரும் இருக்க மாட்டார் என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் ஒரு கடைத்தெருக் கணக்குப் போடுகிறார். பௌத்த விநயம் அவ்வளவு கறார் இல்லை. தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் பிக்கு சாப்பிடலாம். நீலகேசிக் காப்பியத்தை எழுதிய சமணர் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. கொலைக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவர் கேள்வி.

நான் திருப்பூரில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். யூரோ விலை அச்சடித்த டேக்கை இங்கேயே கோத்து, பாலிபேக்கில் போட்டு அனுப்புகிறோம். அந்த விலையைக் கடையில் கொடுக்கிறவர் எங்களைப் பார்த்ததில்லை, கேட்டதில்லை. பிக்குவின் விதிப்படி அவர் சுத்தம். எனக்கு அது ஒப்பவில்லை. சமணர் பக்கம்தான் என் ஓட்டு.

ஆனால் "வாங்காதே" என்பது எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்குப் போவது ஓவர்லாக் மெஷினில் இருக்கும் பெண்தான், முதலாளி இல்லை. 2013 ஏப்ரலில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தபோதும், அங்கிருந்த தொழிற்சங்கத்தார் பலர் எங்கள் துணியைப் புறக்கணிக்காதீர்கள் என்றே கேட்டார்கள்.

பையர் நடத்தும் ஆடிட்டால் நிலைமை திருந்தும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பையர் வரும் அன்று முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் நிறைந்திருக்கும், எல்லோர் மூக்கிலும் மாஸ்க் ஏறும். கார் கேட்டைத் தாண்டியதும் மாஸ்க் தாடைக்கு இறங்கிவிடும். பீஸுக்குச் சில பைசா குறை என்று மல்லுக்கட்டுகிற அதே பையர்தான் நன்னடத்தை விதிகளை எட்டுப் பக்கத்துக்குச் சுவரில் ஒட்டச் சொல்கிறார்.

திண்டுக்கல்லில் நடந்தது வேறு மாதிரி. 2021 ஜனவரியில் அங்கே கார்மென்ட்ஸில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. வெளிநாடுகளிலும் குரல் எழுந்தது. 2022-ல் சங்கத்தோடு ஒப்பந்தம் வந்தது. அந்தக் கார்மென்ட்ஸின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு, துணி வாங்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகியவையும் கையெழுத்திட்டன. சாதி, பாலியல் தொல்லையைத் தொழிலாளர்களே கண்காணித்துப் புகார் செய்யலாம் என்று அதில் எழுதினார்கள். கம்பெனி திருந்தாவிட்டால் பிராண்டுகள் ஆர்டரில் கைவைத்தாக வேண்டும் என்றும் எழுதினார்கள். வள்ளுவரின் கணக்கை ஏட்டிலிருந்து எடுத்துச் சட்டத்தில் வைத்தது போல இருக்கிறது: வாங்கு, ஆனால் நிபந்தனையோடு வாங்கு.

அது ஏற்றுமதிக்கு. எங்கள் ஊர்க் காதர்பேட்டை மொத்த விற்பனைக் கடைகளில் தீபாவளிக்குச் சரக்கெடுக்க வருகிற நம்மூர் வியாபாரி சாயம் போகுமா, சுருங்குமா என்று கேட்கிறார். தைத்தவருக்கு ஓ.டி. காசு கொடுத்தார்களா என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கடைகளுக்கு எந்த ஒப்பந்தமும் இன்னும் வரவில்லை.