செத்துப்போச்சு என்று சொன்னது யார்?

மாத்தூர் எம்எம்டிஏவில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்தான் இப்போது அவளுக்கு. ஒருநாள் பென் டிரைவைச் செருகினாள், ஒன்றும் வரவில்லை. கடையில் மூடியைக்கூடச் சரியாகத் திறக்காமல் "மதர்போர்டு போயிடுச்சும்மா, நாலாயிரம் ஆகும்" என்றார்கள். துணியில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டாள். "எனக்கு இதெல்லாம் வராதுண்ணா" என்றாள்.

எனக்குக் கொதித்துவிட்டது. வராதா? உன் அப்பா மணலியில் ஃபிட்டர், தாயி! நைட் ஷிஃப்டில் பம்ப் நின்றால் "செத்துப்போச்சு" என்று கைகழுவிவிட்டா வீட்டுக்கு வருகிறார்? கரன்ட் வருகிறதா, வால்வு மூடிக் கிடக்கிறதா என்று பார்க்கிறார். பேரிங் சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்க்கிறார். அவர் பெற்ற மகளுக்கா வராது?

அந்த லேப்டாப் யாரோ போட்ட பிச்சை இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. அன்றைக்கு நம் மாத்தூரும் அதே மாவட்டம். நம் வரிப்பணம், நம் பிள்ளைகளின் உரிமை. அதைப் பீரோ மேல் தூங்க விடலாமா?

இருவரும் தரையில் உட்கார்ந்தோம். டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. அழுத்தினால் "கோடு 43". "இதுக்கு என்ன அர்த்தம்ணா?" என்றாள். பார், கேள்வி வந்துவிட்டது! பயந்தவளுக்குக் கேள்வி வராது.

பென் டிரைவைச் செருகியதும் அது ஒரு கம்பியில் மின்னழுத்தத்தை மேலே தூக்கும். ஆள் வந்திருக்கிறது என்று லேப்டாப்புக்கு அதில்தான் தெரியும். அடுத்து, "நீ யார்?" என்று கேட்கும். தயாரித்த கம்பெனிக்கு ஓர் எண், பொருளுக்கு ஓர் எண் என்று பென் டிரைவ் பதில் சொல்ல வேண்டும். இவள் திரையில் கம்பெனி எண் இருக்க வேண்டிய இடத்தில் நாலு சைபர். அதாவது, ஆள் வந்தது தெரிகிறது. பேர் கேட்டால் பதில் இல்லை. போர்ட் அடியோடு செத்திருந்தால் ஆள் வந்ததே தெரிந்திருக்காதே!

"பத்து தடவை ஷட்டவுன் பண்ணிப் பார்த்துட்டேன்" என்றாள். அங்கேதான் சூட்சுமம். விண்டோஸ் 8-லிருந்து ஷட்டவுன் என்பது முழு அணைப்பு இல்லை. சீக்கிரம் எழுந்திருப்பதற்காகத் தன் மையப்பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் படுக்கும். பழைய குழப்பமும் அதோடு திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

கொடுத்தாள். பென் டிரைவின் குட்டி விளக்கு சிமிட்டியது. அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்!

விட்டேனா? அதே டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திற என்றேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க, சும்மா கிடக்கும் போர்ட்டைத் தூங்க வைக்க ஒரு டிக் அங்கே இருக்கும். சில சமயம் தூங்கப்போனது ஒழுங்காக எழுந்திருக்காது. அந்த டிக்கை அவள் கையாலேயே எடுத்தாள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், இறங்கட்டும்.

தம்பி, தங்கச்சி, இதில் எந்த வித்தையும் இல்லை. திரையில் எழுதியிருந்ததை அவள் படித்தாள். உனக்கும் படிக்கத் தெரியும்! இங்கிலீஷ் பார்த்து நடுங்காதே. எழுத்துக்கூட்டிப் படி, புரியாத வார்த்தையைத் தேடு.

நிஜமாகவே பழுதென்றால் கடைக்குத்தான் போக வேண்டும். போ. ஆனால் அந்தக் கோடு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. "மதர்போர்டு" என்று அவர்கள் ஆரம்பித்ததும் தாளை மேசை மேல் வை. "அண்ணா, கோடு 43 காட்டுது, ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, வேற பென் டிரைவும் போட்டுப் பார்த்தாச்சு. எதை வெச்சு மதர்போர்டுன்னு சொல்றீங்க?" என்று நிமிர்ந்து கேள்.