ஆண்டுத் திட்டமும் அறியாத நாளும்

ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில், பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்னதாக, ஆசிரியர்கள் கூடி அமர்ந்து வரப்போகும் ஆண்டைத் தாளில் வரைகிறார்கள். இத்தனை வாரங்கள், இத்தனை பாடங்கள், இன்ன நாளில் தேர்வு, இன்ன நாளில் விடுமுறை என்று கட்டங்கள் நிரம்புகின்றன. முதல் வகுப்பில் சேரப்போகும் குழந்தை இன்னும் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. ஆயினும் நவம்பர் மாதத்தில் அது எதைக் கண்டு வியக்கவேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது.

பிறருடைய வாழ்வில் ஓர் ஆண்டை முன்கூட்டியே வகுத்துவைக்க நமக்கு உரிமை உண்டா? உண்டெனில் அவ்வுரிமைக்கு எல்லை எது? பாடத்திட்டத்தை வெறும் அலுவலகக் காகிதமாக எண்ணுவோர்க்கு இது மிகையான கேள்வியாகத் தோன்றலாம். பங்குப் பள்ளியொன்றின் தாளாளர் பொறுப்பைச் சில ஆண்டுகள் சுமந்த நமக்கோ, இது மனச்சான்றைத் தொடும் கேள்வியாகவே படுகிறது.

கருப்பொருள் என்னும் வாசல்

தொடக்கப்பள்ளிகளில் கருப்பொருள் வழிக் கற்பித்தல் என்றொரு முறை உண்டு. தமிழுக்கு ஒரு மணி, கணக்குக்கு ஒரு மணி என்று அறிவைத் துண்டு துண்டாக்காமல், நீர், உணவு, வீடு எனும் ஏதேனும் ஒரு பொருளைச் சில வாரங்களுக்கு நடுவில் வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றி அமைப்பது இம்முறை. நீரைப் பற்றிய கதையைப் படிப்பார்கள். குடத்தில் எத்தனை படி கொள்ளும் என்று அளப்பார்கள். ஊர்க் கிணறுகளை வரைபடத்தில் குறிப்பார்கள்.

இது நேற்று முளைத்த எண்ணமன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும், அதற்கு உருவம் கொடுத்த சாகீர் உசேன் குழுவின் அறிக்கையும், கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல் ஆகிய மூன்றையும் மையமாக வைத்தே எல்லாப் பாடங்களையும் இணைக்க முயன்றன. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோதுதான், அண்டம் முழுவதையும் ஒரே கதையாகக் குழந்தைக்கு அறிமுகம் செய்யும் தம் கல்வி முறையை விரித்தெழுப்பினார். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவை ஒட்டி உருவான சூழ்நிலையியல் பாடத்திட்டமும் மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குக் குடும்பமும் நண்பர்களும், உணவு, உறைவிடம், நீர், பயணம், நாம் செய்யும் பொருள்களும் செயல்களும் என ஆறு கருப்பொருள்களை வகுத்தது.

இம்முறையின் நன்மையை மறுப்பதற்கில்லை. குழந்தை உலகைப் பாடவேளைகளாகக் காண்பதில்லை, முழுமையாகவே காண்கிறது. ஆயினும் இதன் குறையையும் மறைப்பதற்கில்லை. இங்கிலாந்தில் 1967-இல் வெளிவந்த பிளவுடன் அறிக்கை இவ்வகைக் கற்பித்தலுக்கு ஊக்கமளித்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1992-இல், அந்நாட்டு அரசு கேட்டுப் பெற்ற மற்றோர் அறிக்கையோ, கருப்பொருளின் பெயரால் நடப்பவற்றில் பெரும்பகுதி சிதறியதாகவும் மேலோட்டமாகவும் இருப்பதாகக் கண்டித்தது. எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்க முயலும்போது, சில மணிகள் உடைந்துபோகின்றன.

கற்பித்தலின் திறன் பற்றிய இந்த விவாதத்தை வல்லுநர்களுக்கு விட்டுவிடலாம். அறநெறி பற்றிய கேள்வியொன்று அதற்கு அடியில் கிடக்கிறது. அதை எங்களுக்குக் கற்பித்தவை நூல்களல்ல. ஒரு கடற்கரைப் பள்ளியின் குழந்தைகள்.

ஒரு கடற்கரைப் பள்ளியில்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள ஒரு பங்கில் நாம் பணியாற்றிய காலம் அது. 2017 மே மாதத்தில், தலைமையாசிரியையான அருட்சகோதரியும் ஆசிரியைகளும் நாமுமாக அமர்ந்து ஆண்டுக்கான கருப்பொருள்களை வகுத்தோம். வேற்றூர்ப் பள்ளியொன்றின் திட்டத்தை அப்படியே படியெடுக்கக் கூடாது என்பதில் எல்லாருமே உறுதியாக இருந்தோம். மழை என்னும் பாடத்தை இராமநாதபுரத்தில் ஜூன் மாதத்தில் நடத்தினால், குழந்தைகள் காய்ந்த வானத்தைத்தான் பார்ப்பார்கள். குமரியிலோ ஜூன் மாதத்திலேயே ஓடு நனையும். ஆகவே எங்கள் ஊரின் நாள்காட்டியையே பாடத்தின் நாள்காட்டியாக்க விரும்பினோம்.

மேற்குக் கரையில் ஜூன் முதல் நாளிலிருந்து ஜூலை இறுதி வரை, 61 நாள்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்டில் பல மாதங்கள் ஆழ்கடலில் கழிக்கும் தந்தையர் வீட்டில் இருக்கும் நாள்கள் அவை. எனவே ஜூன் மாதத்துக்குக் 'குடும்பம்' என்று எழுதினோம். ஜூலைக்குக் 'கருவிகள்', அப்போதுதான் வலை பின்னுவதையும் எஞ்சின் பழுது பார்ப்பதையும் குழந்தைகள் காணமுடியும். டிசம்பருக்குக் 'கடல்' என்று எழுதினோம். முதலிரு கருப்பொருள்களும் நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக நடந்தன. தந்தையர் சிலர் வகுப்பறைக்கே வந்து முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் திட்டத்தைக் குறித்து எங்களுக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

நவம்பர் கடைசி வாரத்தில் நீலத்தாளில் கடலை வெட்டி ஒட்டி, நான்காம் வகுப்புச் சுவரில் மாட்டினார்கள். நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் வந்தது.

அந்நாள்களைப் பற்றி இங்கே விரித்தெழுத வேண்டியதில்லை. நம் கடற்கரை மறைமாவட்டங்களின் மக்கள் அதை மறக்கமாட்டார்கள். கடலுக்குச் சென்றவர்களுள் பலர் திரும்பவில்லை. பலர் வரக்கூடுமா என்பதே பல வாரங்கள் தெரியவில்லை.

பள்ளி மீண்டும் திறந்தபோது, அருட்சகோதரி முந்தின மாலையே சென்று, சுவரிலிருந்த கடலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அன்பினால் செய்த காரியம் அது. நாமும் ஒப்புதல் அளித்தோம். மறுநாள் காலையில் ஒரு சிறுவன் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, "கடல் எங்க சிஸ்டர்?" என்று கேட்டான். அவனுடைய தந்தை சென்ற படகு காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலட்சத்தீவில் கரையேறியிருந்தது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது. வேறொருவனின் மாமன் மராட்டியக் கரையில் ஒதுங்கியிருந்தார். ஆசிரியை இந்திய வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். எந்தத் திட்டத்திலும் இல்லாத அந்தப் புவியியல் பாடத்தைக் குழந்தைகள் கற்றதுபோல், வேறெந்தப் பாடத்தையும் அவ்வாண்டில் கற்கவில்லை. கடல் மீண்டும் சுவருக்கு வந்தது.

அதே வகுப்பில் ஒரு சிறுமியும் இருந்தாள். அவளுடைய தந்தை எங்கும் கரையேறவில்லை. வரைபடத்தைச் சுற்றி எல்லாரும் கூடியபோது அவள் தன் இடத்தைவிட்டு எழவில்லை. ஆசிரியை அருகில் சென்றதும், "எனக்குக் கணக்கு குடுங்க டீச்சர்" என்றாள்.

ஆசிரியை கணக்குப் பயிற்சித்தாளை எடுத்தார். அதையும் நாங்கள் கருப்பொருளோடு இணைத்தே அச்சிட்டு வைத்திருந்தோம். முதல் கணக்கு இப்படித் தொடங்கியது: ஒரு வள்ளத்தில் 6 பேர் கடலுக்குச் சென்றனர். 4 வள்ளங்களில் எத்தனை பேர்?

ஆசிரியை அத்தாளை மடித்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வெற்றுத் தாளில் வெறும் எண்களை எழுதிக் கொடுத்தார். கூட்டல், பெருக்கல், வகுத்தல். அச்சிறுமி மதியம்வரை அவற்றைச் செய்துகொண்டிருந்தாள்.

கடன்பட்ட திட்டம்

இந்த இரு குழந்தைகளையும் நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். ஒருவன் கடலைக் கேட்டான். ஒருத்தி கடல் இல்லாத இடத்தைக் கேட்டாள். இருவர் கேட்டதும் நியாயமே. எங்கள் திட்டத்தில் இருவருக்கும் இடமில்லாமற்போனதுதான் எங்கள் தவறு.

அன்று நாங்கள் உணர்ந்தது இதுவே. ஏழைந்து முப்பத்தைந்து என்னும் வாய்ப்பாடு குழந்தையிடம் 'உன் தந்தை யார்? உன் வீட்டில் என்ன சமைத்தீர்கள்?' என்று கேட்பதில்லை. கருப்பொருளோ கேட்கிறது. குழந்தை தன் வாழ்வை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. ஆகவே 'குடும்பம்', 'உணவு', 'வீடு' என்று தாளில் எழுதும் ஒவ்வொரு முறையும், நாம் ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறோம். குழந்தை எதைக் கொண்டுவந்தாலும் அதைத் தாங்கிக்கொள்வோம் என்பதும், எதையும் கொண்டுவர விரும்பாத குழந்தையைக் கட்டாயப்படுத்தமாட்டோம் என்பதும் அக்கடன். புயல் வந்ததால்தான் நாங்கள் இதை அறிந்தோம். ஆனால், தந்தை குடித்துவிட்டு வரும் வீட்டுக் குழந்தைக்கும், தாய் வளைகுடா நாட்டில் வேலை செய்ய, பாட்டியிடம் வளரும் குழந்தைக்கும், ஜூன் மாதத்துக் 'குடும்பம்' எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்? அவர்களை அப்போது நாங்கள் கேட்கவில்லை.

அப்படியானால் திட்டமே வேண்டாமா? அதுவும் நீதியன்று. வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்குப் பள்ளி தவறவிட்டதை வீடு ஈடுசெய்யும். ஏழைக் குழந்தைக்கோ பள்ளி தருவதே எல்லாம். திட்டமின்றி வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் அக்குழந்தையைத் தற்செயலின் கையில் ஒப்படைக்கிறார்.

விவேகம் என்றும் முன்மதி என்றும் நாம் அழைக்கும் தலையான நற்பண்பை விளக்கும்போது, புனித தாமஸ் அக்வினாஸ் அதன் உறுப்புகளாகப் பலவற்றை எண்ணுகிறார். வருவதை முன்னறிந்து ஆயத்தம் செய்தல் அவற்றுள் ஒன்று. சுற்றிலுமுள்ள சூழ்நிலையைக் கவனித்தல் மற்றொன்று. பிறரிடமிருந்து கற்றுக்கொள்ளும் பணிவு இன்னொன்று. மே மாதத்தில் எங்களிடம் முதலாவது நிறைய இருந்தது. இரண்டாவதும் ஓரளவு இருந்தது. மூன்றாவதைத்தான் டிசம்பர் வரை நாங்கள் கற்கவில்லை. நாலாம் வகுப்புக் குழந்தையிடமிருந்து கற்கும் பணிவு இல்லாத திட்டம், எவ்வளவு அழகாயிருப்பினும், விவேகமுள்ள திட்டமன்று.

நம் திருச்சபையின் ஆண்டும் கருப்பொருள்களால் ஆனதே. திருவருகைக் காலத்தில் காத்திருப்பு, தவக்காலத்தில் மனமாற்றம், பாஸ்கா காலத்தில் உயிர்ப்பின் மகிழ்ச்சி என்று அது நம்மை ஆண்டுதோறும் வழிநடத்துகிறது. ஆயினும் அதில் 33 அல்லது 34 வாரங்கள், கிறிஸ்துவின் மறைபொருளில் எந்தத் தனிப்பட்ட கூறையும் முன்னிறுத்தாத பொதுக்காலமாகவே விடப்பட்டிருக்கின்றன. ஆண்டில் பாதிக்கு மேல்! நீண்ட அனுபவமுள்ள அன்னையின் விவேகம் அது. நம் பள்ளிகளோ ஒரு வாரத்தைக்கூட வெறுமையாக விட அஞ்சுகின்றன.

அடுத்த மே மாதத்தில் நாங்கள் மீண்டும் அமர்ந்தபோது, திட்டத்தைக் கைவிடவில்லை, திருத்தினோம். ஒவ்வொரு பருவத்திலும் இரு வாரங்களைக் கருப்பொருளின்றி விட்டோம். கணக்கையும் எழுத்துப் பயிற்சியையும் கருப்பொருளோடு இயல்பாகப் பொருந்தும் இடத்தில் மட்டுமே இணைத்தோம். 'உன் தந்தையைப் பற்றி எழுது' என்பதை 'உன் வீட்டில் உனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றியோ, வேறு எதைப் பற்றியோ எழுது' என்று மாற்றினோம். இவை சிறிய மாற்றங்களே. ஒரு குழந்தை மூச்சுவிடுவதற்குப் பெரும்பாலும் இவ்வளவு இடமே போதும்.

இறுதியாக, இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் ஏட்டில் வலியுறுத்தியது. ஆனால் கட்டணம், மதிப்பெண் ஆகிய இரண்டைத் தவிர வேறெதற்காகவும் நாம் பள்ளிக்குச் செல்வது அரிதாகிவிட்டது. உங்கள் வீட்டில் இவ்வாண்டு என்ன பருவம் நிகழ்கிறது, என்ன துயரம் இருக்கிறது, எந்தப் பேச்சு உங்கள் பிள்ளைக்கு நோகும் என்பதை ஆசிரியை எப்படி அறிவார்? பள்ளி திறக்கும் வாரத்தில் ஒருமுறை சென்று, அவரிடம் அமைதியாகச் சொல்லிவிட்டு வாருங்கள். சுவரில் மாட்டிய திட்டத்தில் அது எழுதப்படாது. ஆனால் அத்திட்டத்தை நடத்தப்போகும் மனிதரின் நெஞ்சில் அது எழுதப்பட்டிருக்கும்.