தலைமடையின் கடன்

ஸ்பெயின் என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவன குர்துபாப் பள்ளிவாசலின் தூண்களும் கர்னாத்தாவின் அல்ஹம்றா மாளிகையுமே. மீலாது மேடைகளில் 1492ஆம் ஆண்டின் வீழ்ச்சியைச் சொல்லி உருகாத நாவலர் அரியர். உருகுவதில் பிழையில்லை. எனினும், அந்தலூஸ் மக்கள் விட்டுச்சென்றவற்றுள் கல்லால் ஆகாத ஒன்று இன்றும் உயிரோடிருப்பதை அம்மேடைகள் பேசுவதில்லை.

பலன்ஸியா நகரில், வியாழன்தோறும் நண்பகலில், பேராலய வாயிலில் தண்ணீர் மன்றம் கூடுகிறது. தூரியா ஆற்று வாய்க்கால்களின் உழவர்கள் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் வழக்கைக் கேட்டு, வாய்மொழியாகவே தீர்ப்பளிக்கின்றனர். யுனெஸ்கோ 2009இல் இதனை மானுட மரபுச் செல்வமாக ஏற்றது. அப்பேராலயம் நிற்குமிடம் முன்பு ஜும்ஆப் பள்ளிவாசல். வாய்க்காலை ஸ்பானியர் அழைக்கும் 'அஸேக்கியா' என்ற சொல், மத்ரஸா மாணவர் அறிந்த 'அஸ்ஸாக்கியா'வே அன்றோ! 1238இல் நகரைக் கைப்பற்றிய மன்னர் முதலாம் ஹைமே, நீர்ப்பங்கீட்டை முஸ்லிம்கள் காலத்து வழக்கப்படியே நடத்தப் பணித்தார். 1609இல் அம்முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் நாடு கடத்தப்பட்டனர். முறையோ அங்கேயே தங்கிவிட்டது.

அம்முறையின் உள்ளே ஒரு பழைய வினா இருக்கிறது: தலைமடையில் இருப்பவன் கடைமடைக்காரனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? மதீனாவில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வாய்க்கால் தகராறு எழுந்தபோது, மேல்நிலத்தார் முதலில் பாய்ச்சிக்கொண்டு பிறகு அண்டை நிலத்துக்குத் திறந்துவிட வேண்டுமென நாயகம் (ஸல்) அவர்கள் தீர்த்தார்கள். முந்தும் உரிமை தலைமடைக்கு உண்டு. ஆனால் திறந்துவிடச் சொன்னது தண்ணீரை, கழிவை அன்று.

ஓசூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. நந்திமலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவைச் சுமந்து கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெண்ணுரை குவியல் குவியலாய் மிதந்து வரும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். அசுத்தத்தால் நிறமோ சுவையோ வாடையோ மாறிய நீர் ஒளுவுக்கு ஆகாது என்பது இமாம்களின் ஏகோபித்த முடிவு. ஒளுவுக்கு ஆகாத நீர் பயிருக்கு மட்டும் எங்ஙனம் ஆகும் என்று கேட்பாரைக் காணோம்.

கர்நாடகத்தைக் குறைகூறுவது எளிது, நியாயமுங்கூட. ஆயினும் பெங்களூருக்குக் கடைமடையான ஓசூர், கிருஷ்ணகிரி அணைக்குத் தலைமடை. அதற்கும் கீழே சாத்தனூர், விழுப்புரம், கடலூர். நம் வீட்டுச் சாக்கடையும் நாம் ஊதியம் பெறும் பட்டறைகளின் கழிவும் எந்த ஓடையில் சேர்கின்றன? நம் ஜமாஅத்துகள் மணவிலக்கையும் சொத்துத் தகராறையும் பள்ளிவாசலில் அமர்ந்து தீர்த்துவைக்கின்றன. பட்டறைக் கழிவை எங்கே விடுகிறீர் என்று ஜும்ஆ முடிந்ததும் தம்மவரை நிறுத்திக் கேட்ட ஜமாஅத் ஒன்றை நாம் இன்னும் கண்டதில்லை.